வலி வேறு, வேதனை வேறாம்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே யாவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எங்கள் வக்கீலம்மா, "நீங்க எதை எழுதினாலும் எதிர்த்தரப்பு அதைத் தூக்கிட்டு வந்து நீதிபதிகிட்ட நீட்டும்" என்று மிரட்டி வைத்திருக்கிறார். நலமாக இருப்பவர்களுக்கு எதற்கு இழப்பீடு என்று கேட்டுவிடுவார்களாம். ஆகவே நாங்கள் நலமாக இல்லை. நீங்கள் நலம் என்று நம்புகிறேன். உங்கள் பேரில் வழக்கு எதுவும் இல்லை, நீங்கள் தாராளமாக நலமாக இருக்கலாம்.

சலவை ஆலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற உருளை இயந்திரம், ஏழு மாதத்துக்கு முன் உங்கள் தங்கையின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அதே ஆலையில் மெக்கானிக்காக இருக்கும் நான் பாய்லர் அறையிலிருந்து ஓடி வந்ததும் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் புகுந்த வார்த்தைகளைத்தான் உங்களுக்குத் தெரியாது.

முதலில் அவளை 'வாதி' என்றார்கள், அது இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரிந்த சங்கதி, அதற்கு முத்திரைத்தாள் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன், அப்புறம் 'கவனக்குறைவு' என்றார்கள், வக்கீலம்மா அரைமணி நேரம் விளக்கினார், அந்த அரைமணி நேரமும் என் கண் அவர் மேஜையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஸ்குரூவின் மேலேயே இருந்ததால் இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை, உங்களுக்கு விளங்கினால் ஒரு வரி எழுதவும். அடுத்தது 'வலியும் வேதனையும்'. ஒன்றைத்தானேம்மா இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள் என்றேன். "வலி உடம்புக்கு, வேதனை மனசுக்கு. தனித்தனியாத்தான் கேக்கணும் சார்" என்றார். அதற்குப் பிறகு 'தோழமை இழப்பு' என்று ஒன்று, அது என் பங்காம். "விபத்துக்கு அப்புறம் உங்க வீட்டம்மா முன்ன மாதிரி உங்ககிட்ட பேசறாங்களா?" என்று கேட்டார். முன்னேயும் பேசியதில்லை, திட்டுவாள், அவ்வளவுதான் என்றேன். "ஐயோ, அதையெல்லாம் அங்க வந்து சொல்லிடாதீங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் உண்மை என்ன தெரியுமா மச்சான், இப்போது திட்டுவதும் இல்லை. நான் சமைத்ததில் உப்பு இரண்டு தடவை விழுந்தாலும் இடது கையால் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போகிறாள்.

'நிலையான ஊனம்' என்ற வார்த்தைக்காக ஒரு டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்து முப்பத்தெட்டு சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "மிச்சம் அறுபத்திரண்டு நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றான். உங்கள் தங்கை அவனை ஏற இறங்கப் பார்த்து, "அந்த அறுபத்திரண்டை வெச்சு எனக்குத் தலை பின்னி விடுங்களேன்" என்றாள். கோர்ட்டில் சிரிப்பு. வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்தோடு முடியை வெட்டிக்கொண்டாள்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். 'அண்மைக் காரணம்' என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுதான் என்னைக் கொல்கிறது. காயத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதில் எது மிகக் கிட்டத்தில் நின்றது என்று பார்ப்பார்களாம். மச்சான், உங்களிடம் மட்டும் சொல்கிறேன், படித்ததும் கிழித்துவிடுங்கள். அந்த உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பட்டை உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். கை பட்டால் நிற்பது சரி, தடித்த விரிப்பு பட்டாலும் நிற்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை நிற்கும், சூப்பர்வைசர் நாற்பது தடவை கத்துவான், பெண்களெல்லாம் "அண்ணே, ஏதாவது பண்ணுங்கண்ணே" என்பார்கள். நான் என்ன செய்தேன்? நம் வீட்டுக் கொடியிலிருந்து ஒரு சிவப்புத் துணி கிளிப்பைக் கொண்டுபோய்ப் பட்டை அசையாதபடி செருகிவிட்டேன். சோதனைக்கு ஆள் வரும் நாளில் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன், போனதும் செருகிவிடுவேன். அன்றைக்கு நான் ஓடி வருவதற்குள் சூப்பர்வைசர் கிளிப்பை மறைத்துவிட்டான். பட்டை ஒழுங்காகத்தான் இருந்தது, இவள்தான் வேண்டுமென்று கையை விட்டாள் என்று கம்பெனி சாதிக்கிறது.

வக்கீலம்மா போன வாரம் இன்னொரு வார்த்தை சொன்னார்: 'முதலாளியின் பொறுப்பு'. வேலைக்காரன் வேலையில் செய்த தப்பு முதலாளி தலையில்தான் விடியுமாம். "பட்டையை யாரோ கட்டி வெச்சிருக்காங்க. அந்த ஆள் மட்டும் வந்து சொல்லிட்டா வழக்கு நம்ம பக்கம்" என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் மேஜை ஸ்குரூவைப் பார்த்தேன்.

வேலை போகும் என்ற பயமில்லை மச்சான். கூண்டில் ஏறி நான்தான் என்று சொல்லும்போது அவள் முன்வரிசையில் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே! வீட்டிலிருந்த கிளிப்பையெல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டேன். துணியெல்லாம் பறந்து பக்கத்து வீட்டு மாடியில் போய் விழுகிறது, அதற்கும் அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஆகையால், வரும் வியாழக்கிழமை விசாரணைக்கு முன்னால் நீங்கள் வந்து, வழக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வாபஸ் வாங்கிவிடு என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். உங்கள் காலில் விழுகிறேன்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பத்து விரலும் நீடூழி நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: அண்ணா, இது நான். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். உங்கள் மாப்பிள்ளை கடிதத்தை மேஜை மேல் விரித்துப் போட்டுவிட்டு ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கிறார். கவனக்குறைவு என்றால் என்ன என்று கேட்டாரே, இதுதான்.

அவர் செருகிய சிவப்பு கிளிப் விபத்துக்கு நாலு நாள் முன்னாலேயே உடைந்து விழுந்துவிட்டது. இயந்திரம் மறுபடி நின்று நின்று தொலைத்தது. பச்சை கிளிப் ஒன்றைக் கொண்டுபோய்ச் செருகியது நான். அவரிடம் சொன்னால், தன்னைப் பார்த்துத்தானே நான் கற்றுக்கொண்டேன் என்று இடிந்துபோவார் என்றுதான் ஏழு மாதமாக வாயைத் திறக்கவில்லை. இந்த மனுஷன் ஏற்கெனவே இடிந்து கிடப்பது இப்போதுதான் தெரிகிறது.

அடிபட்டவரே செருகியதென்றால் வழக்கு பாதியாகக் குறையும், மொத்தமாகவும் போகலாம் என்று, யாருக்கோ நடந்ததுபோல் நான் கேட்டதற்கு வக்கீலம்மா சொல்லிவிட்டார். போனால் போகட்டும். வியாழக்கிழமை கூண்டில் ஏறப்போவது நான்தான். நீங்கள் அவசியம் வந்து அவர் பக்கத்தில் உட்காருங்கள் அண்ணா. மயங்கி விழுந்தால் பிடிக்க எனக்கு ஒரு கைதான் இருக்கிறது.