கவர்னருக்கு விழுந்த ஒரு ஓட்டு

கவர்னர் பெல்ஃபோர்டை இந்த முறை நான்தான் ஜனாதிபதி ஆக்குவது என்று முடிவு கட்டிவிட்டேன். அயோவா மாநிலத்தில் எங்கள் ஊரில் மொத்தமே ஐம்பத்திரண்டு ரிபப்ளிகன் கட்சிக்காரர்கள். அத்தனை பேரைக்கூட மடக்க முடியாதவன் என்ன ஆம்பளை?

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் ஜனவரியில், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஊர்க்காரர் ஒருவர் இரண்டு நிமிஷம் பேசலாம். பிறகு சீட்டில் பெயர் எழுதிப் போட வேண்டும். கவர்னருக்காகப் பேசப்போவது நான். மூன்று வாரமாகச் சமையலறையில் ஒத்திகை. கேட்பதற்கு என் மனைவி மார்லிஸ். வேறு யாரும் அகப்படவில்லை.

"பலம்: வரியைக் குறைச்சவர். கை சுத்தம்."

"பலவீனம்?" மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அது எதுக்கு?"

"எவனாவது எழுந்து கேட்டா திருதிருன்னு முழிப்பியா? எங்கிட்ட சொல்லிப் பழகிக்கோ."

நியாயமாகப் பட்டது. இருபத்தெட்டு வருஷமாக அவள் சொல்வதெல்லாம் இப்படித்தான் நியாயமாகப் பட்டுத் தொலைக்கிறது. கொட்டிவிட்டேன். சோளத்திலிருந்து எரிபொருள் எடுப்பது வீண் என்று ஒரு தடவை உளறியவர். எங்கள் ஊரே சோளத்தில்தான் சாப்பிடுகிறது. கை குலுக்கும்போது அடுத்த ஆளைப் பார்ப்பார். எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, வந்தது ஒரே தடவை, அதிலும் எங்கள் பக்கத்துப் பெருமையான பன்றி இறைச்சியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

"எதிர்த்து நிக்கிற செனட்டர் ஆட்வெல்?"

"அந்தம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. அது ஒண்ணுதான் குறை. மத்தபடி தொண்ணூத்தொம்பது கவுண்டிக்கும் வந்துச்சு. பட்ஜெட்டை வரி வரியாப் படிக்குது."

"ம்," என்றாள். அந்த 'ம்'மிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"வென்டல், உன் ஓட்டைத் தவிர உன் கவர்னருக்கு ஒரு ஓட்டு விழாது."

"விழுந்தா?"

"உன் சோபா கூடத்துலயே கிடக்கட்டும். அதைத் தூக்கிப் போடுன்னு இனிமே வாயே திறக்க மாட்டேன். விழலேன்னா குப்பைக்கு."

கைப்பிடியை இழுத்தால் காலைத் தூக்கிவிடும் சோபா அது. என் உடம்பு பதினோரு வருஷம் உழைத்து அதில் பள்ளம் போட்டிருக்கிறது. சம்மதித்தேன்.

கூட்டத்தன்று பேசினேன். நன்றாகவே பேசினேன். தலைவர் ஆர்லோ, "செனட்டருக்கு யாருப்பா?" என்றார். பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. எழுந்தது மார்லிஸ்.

சோளம், கை குலுக்கல், பன்றி இறைச்சி. என் பட்டியல், என் வரிசை, என் வார்த்தை. "இதெல்லாம் நானாச் சொல்லல. கவர்னரை ரொம்ப நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னது," என்று வேறு முடித்தாள். கூடமே தலையாட்டியது. வயிற்றெரிச்சல் என்னவென்றால் நானும் ஆட்டினேன். பேச்சு அப்படி. பென்சிலை எடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கை 'ஆட்வெல்' என்று எழுதிவிட்டது. கவர்னருக்கு நாலு பேராவது போடாமலா போவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆர்லோ பாப்கார்ன் வாளியிலிருந்து சீட்டுகளை எடுத்து எண்ணினார். "பெல்ஃபோர்ட், ஒண்ணு."

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்த ஒன்று என்னுடையது இல்லை. சோபா பிழைத்தது. சொல்ல வாயைத் திறந்தேன், அப்படியே மூடினேன். அப்படியானால் நீ யாருக்குப் போட்டாய் என்று கேட்பார்களே. ஊரே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த ஒண்ணு உன்னோடதுதானே?" என்றாள் மார்லிஸ்.

"பின்னே?" நெஞ்சை நிமிர்த்தினேன்.

"கொள்கைக்காரன்யா நீ," என்று ஆர்லோ முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை அதே ஆர்லோவும் நானும் சோபாவைத் தூக்கி, பனியில் சறுக்கிச் சறுக்கி அவர் வண்டியில் ஏற்றினோம். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மார்லிஸ் காபிக் கோப்பையை என் கையில் கொடுத்தாள்.

"வென்டல், அந்த ஒரு ஓட்டு நான் போட்டது."