டிரைவர் என்று போட்டிருக்கிறதே!

நோயாளி இருக்கும் வீடுகளில் மட்டும் தலைகாட்டும் ஒரு ஜீவன் உண்டு: ரிப்போர்ட் வாசிப்பவர். அவர் படித்த படிப்புக்கும் அந்தக் காகிதத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரி உறையைக் கண்டால் கை சும்மா இருக்காது. கண்ணாடியைத் துடைப்பார், தொண்டையைச் செருமுவார், பாதி புரிந்த வரிக்கு "ம்ம்" என்பார், துளியும் புரியாத வரிக்கு "அப்பவே நினைச்சேன்" என்பார், கடைசிப் பக்கம் வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்பார். அதற்குள் எல்லார் வயிற்றிலும் புளியைக் கரைத்திருப்பார்.

எங்கள் வீட்டில் அந்தப் பதவி சித்தப்பாவுக்கு.

அக்காவுக்கு நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி. அதில் துணுக்கு எடுத்து, அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, பரிசோதனைக்கூடம் பதினோரு பக்கம் அனுப்பியிருந்தது. டாக்டர் இரண்டே வாக்கியம் பேசி, ஒரு மாத்திரை டப்பாவை எழுதிக்கொடுத்து, அன்றைக்கே ஆரம்பிக்கச் சொன்னார். இரண்டு வாக்கியத்தில் முடிகிற விஷயத்தைச் சித்தப்பா விடுவாரா?

"ஜீன்ல நாப்பத்தொரு கோளாறு போட்டிருக்கான்! ஒரு மாத்திரை எந்த மூலைக்கு?" என்றவரின் விரல் ஒரு வரியில் நின்றது. முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "காரணத்தையும் எழுதிட்டான் பாரு. டிரைவர்!"

அத்தான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார்.

"எல்லாம் புகை, மாப்ளே. உங்க சட்டையில ஒட்டிட்டு வருது. வண்டியை விடுங்க, கட்டி தானா கரையும். மாத்திரையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

அபத்தம் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேனா? பெரியவர் ஆயிற்றே! அத்தான் மறுநாளே சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து, சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டு, அக்கா படுத்திருந்த அறைப் பக்கமே போகாமல் ஒன்பது நாள் கூடத்தில் படுத்தார். டப்பா பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. சித்தப்பா தினமும் வந்து, "இருமல் கொறைஞ்சிருக்கே!" என்றார். அக்கா மறுக்கவில்லை. பேச மூச்சு வேண்டுமே.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாத்திரை ஒத்துக்குதாம்மா?"

"இன்னும் ஆரம்பிக்கல. டிரைவர்னு போட்டிருக்கே... எங்க வீட்டுக்காரர் வேன் ஓட்டுறாரு."



"ஐயோ, அவருக்கும் ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா! அதுல இருக்குற நாப்பத்தொரு கோளாறுல நாப்பது சும்மா கூட வர்ற பயணிங்க. ஒண்ணுதான் கட்டியை ஓட்டுது. அதைத்தான் டிரைவர்னு சொல்றது. அதைப் பிடிச்சு நிறுத்தத்தான் இந்த மாத்திரை. இத்தனை நாளா என்ன பண்ணீங்க?"

அத்தான் அறை வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா, "உள்ள வாங்க, முதல்ல அந்த டப்பாவை எடுங்க" என்றாள். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்தார்.

"அதைத்தானே நானும் சொன்னேன்?"

சரி, டிரைவர், பயணி சமாசாரம் இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. யார் வீட்டுக்காவது போய் விளக்க நாக்கு துறுதுறுக்கிறதா? கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை, நான் வாயே திறக்க மாட்டேன் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன்.