வீட்டுக்காரம்மா அண்ணாந்து பார்த்த சீலிங்

கணக்கு வாத்தியார் ஸ்டூல் மேல் ஏறி, மோல்டிங் என்கிற நீளமான அலங்கார மரச் சட்டத்தை இரண்டு கையாலும் சீலிங்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மூலையில் இரண்டு துண்டும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். அவையோ சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன.

"என்னங்க, கோணம் உங்க பாடம்தானே?" என்றாள் மனைவி, கீழேயிருந்து.

கரும்பலகையில் கோணம் சொன்னபடி கேட்கும். இங்கே தரையில் வைத்து அறுத்தபோது சரியாக இருந்தது, தலைக்கு மேலே போனதும் அப்படியே நேர்மாறாகிவிட்டது.

விஷயம் இதுதான். வீட்டுக்காரர் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவியோடு வருவதாகவும், வீட்டு விஷயமாக ஒன்று பேச வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். குடியிருப்பவனிடம் வீட்டு விஷயமாக வேறு என்ன பேசப் போகிறார்கள், காலி பண்ணு என்பதைத் தவிர? இந்தக் குடும்பம் வீடு மாறி மாறி ஓய்ந்துபோன குடும்பம். சாமானைக் கட்டு என்றால் பீரோ தானாகவே நடந்துபோய் லாரியில் ஏறிக்கொள்ளும், அவ்வளவு பழக்கம். இப்போதுதான் மகளுக்குத் தெருமுனையிலேயே பள்ளிக்கூடம், மனைவிக்கு நடந்துபோகிற தூரத்தில் வேலை என்று எல்லாம் கூடி வந்திருந்தது. மறுபடியும் வீடு தேடுவதை நினைத்தால் மனுஷனுக்கு அழுகையே வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சினன் யோசனை சொன்னான். மனைவியின் தம்பி. எந்த வேலையையும் "இதென்ன பிரமாதம்" என்று ஆரம்பிப்பான், முடித்ததாகச் சரித்திரம் இல்லை. போன தடவை வந்தபோது வீட்டுக்காரம்மா ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்து, தன் தங்கை வீட்டில் சீலிங்கைச் சுற்றிப் பூவேலை மோல்டிங் ஓடுகிறது, இங்கே மொட்டையாகக் கிடக்கிறது என்று பெருமூச்சு விட்டாராம். அதை நாமே வைத்துக் கொடுத்துவிட்டால் எந்த முகத்தோடு காலி பண்ணச் சொல்வார்கள் என்று கேட்டான். வாத்தியார் இருந்த பயத்தில் எதைச் சொன்னாலும் நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

மூலை சேரவில்லை என்று ஒரு துண்டைக் கொஞ்சம் அறுத்தார்கள். அது குட்டையாகிவிட்டது. குட்டையானதற்கு ஈடுகட்ட இன்னொன்றை அறுத்தார்கள், அது இன்னும் குட்டையாகிவிட்டது. ஒருவழியாகக் கிடைத்ததை வைத்து ஒட்டு போட்டு, பசை தடவி ஒட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுத்தார்கள். நின்றது. அப்பாடா என்று டீ குடிக்க உட்கார்ந்தால் மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. விழுந்ததுதான் விழுந்தது, சும்மா வரக்கூடாதா, சுவரின் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வந்தது.

"இதென்ன பிரமாதம் அத்தான், ஸ்க்ரூ போட்டு முறுக்கிடலாம்" என்று மச்சினன் எங்கேயோ போய் ஒரு டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கி வந்தான்.

அந்தச் சுவர் வெளியே பார்க்கத்தான் சுவர், உள்ளே வெறும் மணல். ஓட்டை போடப் போடப் பூச்சு பொலபொலவென்று கொட்டியது. ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்று பக்கத்தில் ஒரு ஓட்டை, அதுவும் பிடிக்கவில்லை என்று அதற்குப் பக்கத்தில் ஒன்று. எதிர்ச்சுவரில் மெஷின் எதையோ தொட்டு 'டப்' என்றது, ஃபேன் நின்றுபோனது. மச்சினன் மட்டும் தளரவில்லை. இருட்டறையில் ஊசி தேடுகிறவன் போலத் துளைத்துக்கொண்டே போனான்.

கடைசியில் மோல்டிங் ஒரு சுவர் முழுக்க நேராக நின்றது. நின்ற பிறகுதான், சீலிங் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பது பளிச்சென்று தெரிந்தது. இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்த கோணல். இடைவெளியில் பட்டி பூசி அடைத்தால், ஈரப் பட்டி சோபா மேல் சொத் சொத்தென்று விழுந்தது.

வாத்தியார் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாக, ஒரே நாளில் கிழவராகியிருந்தார்.

"என்னால முடியல. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்களப் பாக்கறது?"

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "போகச் சொல்லத்தானே வர்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும். நாம என்ன புதுசா வீடு மாறப்போறோம்? பேசாம எல்லாத்தையும் கழட்டுங்க. பழையபடியாவது இருக்கட்டும்."

கழட்டினார்கள். பழையபடி எங்கே இருந்தது? ஒவ்வொரு ஸ்க்ரூவும் தன் பங்குக்கு ஒரு கை மணலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. மோல்டிங் போய்விட்டது, சுவரைச் சுற்றி வாயைப் பிளந்த ஓட்டைகள் மட்டும் மிச்சம்.

காலிங் பெல் அடித்தது. சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள் மத்தியானமே வந்துவிட்டார்கள்.

வாத்தியார் எழுந்து ஓடினார். கதவைப் பாதி திறந்து, உடம்பாலேயே மறைத்துப் பார்த்தார், முடியவில்லை. வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சுவர் சுவராக, ஓட்டை ஓட்டையாக, அவர் தலை மெதுவாகச் சுற்றி வந்தது. மச்சினன் மெஷினை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

வீட்டுக்காரம்மா இன்னும் வாசலில் குனிந்து செருப்பைக் கழட்டிக்கொண்டிருந்தார். குனிந்தபடியே சிரித்துக்கொண்டு சொன்னார்:

"வீட்டை வேற யாருக்கும் விட வேண்டாம், எத்தனை வருஷம் வேணும்னாலும் வாத்தியாரே இருக்கட்டும்னு சொல்லத்தான் இவரு வந்திருக்காரு; இதுவரைக்கும் குடியிருந்தவங்கள்ல சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்காத மனுஷன் நீங்க ஒருத்தர்தானாம்."