தண்ணீர் ஒட்டாத மருமகன்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் பணிவோடும் கொஞ்சம் நடுக்கத்தோடும் எழுதிக்கொள்வது.

தாங்களும் அத்தையும், அங்கே வந்திருக்கும் தங்கள் மகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நான் நலமா இல்லையா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. அதனால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன், தவறாக நினைக்க வேண்டாம்.

நேற்று போனில், "என் பொண்ணு என்ன தப்பு பண்ணினா மாப்பிள்ளை, எதுக்குப் பெட்டியோட அனுப்பி வச்சீங்க?" என்று கேட்டீர்கள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது மாமா. பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதுதான் காரணம். அவள் மேல் ஒரு தப்பும் கிடையாது. தப்பு என் உடம்பில் இருக்கிறது, அல்லது இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கூச்சமான சங்கதி. அத்தை பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து கடிதத்தோடு மாடிக்குப் போய்விடவும்.

நான் கார்களுக்கு நானோ பூச்சு அடிக்கிறவன் என்பது தங்களுக்குத் தெரியும். தங்கள் காருக்கும் போன வருஷம் நான்தான் அடித்துக் கொடுத்தேன், தாங்களும் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் கூப்பிட்டுக் காட்டினீர்கள். ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு பொடிசான துகள் அந்த டப்பாவில் இருக்கிறது என்று முதலாளி எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்லுவார். பூச்சு பிடித்ததா என்று பார்க்க எங்களிடம் ஒரே வழிதான். தண்ணீரைத் தெளிப்போம். முத்து முத்தாகத் திரண்டு, ஒட்டாமல் உருண்டு ஓடினால் பிடித்தாயிற்று. பரவி நின்றால் மறுபடி அடிக்க வேண்டும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு ஆராய்ச்சிக்காரர் கார் விட வந்தார். கல்லூரியில் ஏதோ துகள் ஆராய்ச்சியாம். நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "மாஸ்க் போடறதில்லையா தம்பி?" என்றார். வேர்க்குது சார் என்றேன். "கல்யாணம் ஆயிடுச்சா?" ஆயிடுச்சு சார். "குழந்தை?" இன்னும் இல்ல சார். அவர் ஒரு "ம்ம்" போட்டார் பாருங்கள், அந்த "ம்ம்" இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "சில வகை நானோ துகளை எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. ரத்தத்தோட போய் விதைப்பை வரைக்கும் சேருது. விந்தணு எண்ணிக்கை குறையுது, நீந்துற வேகமும் குறையுது. மனுஷனுக்கும் அப்படித்தான்னு யாரும் இன்னும் உறுதியாச் சொல்லல. எதுக்கும் மாஸ்க் போட்டுக்கங்க." இவ்வளவையும் சொல்லிவிட்டு, பளபளப்பு பிரமாதம் என்று சாவியை வாங்கிக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

அவர் கடைசியாகச் சொன்ன ஆறுதல் என் காதில் ஏறவே இல்லை, எலி மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. மாதம் ஒரு தடவை தங்கள் மகள் பாத்ரூமிலிருந்து வெளியே வந்து, ஒன்றும் சொல்லாமல் துணி மடிக்க உட்காருவாள். நானும் ஒன்றும் கேட்காமல் மறுமுனையைப் பிடித்து மடிப்பேன். விசேஷம் உண்டா என்று உறவுக்காரர்கள் கேட்பதெல்லாம் அவளைத்தான். என்னை ஒருத்தர் ஒரு நாள் கேட்டதில்லை. நான்தான் காரணம் என்றால், இத்தனை நாள் என் பழியை அவள் சுமந்துகொண்டிருக்கிறாளே என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை மாமா.

அன்றைக்கே வேட்டையை ஆரம்பித்தேன். நாற்றம் வராதிருக்க வெள்ளித்துகள் சேர்த்த சாக்ஸ் என்று அட்டையில் போட்டிருந்தது, அதைக் குப்பையில் போட்டேன். வெயிலுக்குப் பூசும் களிம்பில் ஏதோ துகள் இருக்கிறதாம், அதையும் போட்டேன். "அது என்னோடதுங்க, அது என்ன பண்ணிச்சு உங்களை?" என்று தங்கள் மகள் கேட்டாள். வேண்டாம்னா வேண்டாம் என்றேன். பட்டறையில் கூட வேலை செய்கிற ஒருத்தனிடம், ஒட்டடைக்குச்சி என்றுதான் அவனைக் கூப்பிடுவோம், மெதுவாகக் கேட்டேன். அவனுக்கு மூன்று பிள்ளைகள். "எனக்கே மூணு இருக்குடா, உனக்கென்ன?" என்றான். அவன் டயர் கழுவுகிறவன், டப்பா பக்கமே வராதவன், அவன் சொல்லி என்ன ஆகப்போகிறது? வேலை விட்டு வந்ததும் ஒரு குளியல், சாப்பிடுமுன் ஒரு குளியல், படுக்குமுன் ஒரு குளியல் என்று தோல் வெளிறுகிற அளவுக்குத் தேய்த்தேன்.

அப்புறம் நடந்ததுதான் என்னை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது. ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது முழங்கைக்குக் கீழே தண்ணீர் தெறித்தது. முத்து முத்தாகத் திரண்டது. உருண்டு ஓடியது. இன்னும் கொஞ்சம் தெளித்தேன், அதுவும் ஓடியது. மற்ற கையிலும் அதே கதை. மாமா, எத்தனையோ காரில் இதைப் பார்த்து, பிடிச்சிடுச்சு என்று சந்தோஷமாகக் கத்தியிருக்கிறேன். அன்றைக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்கே பூச்சு பிடிச்சிடுச்சு. தோலிலேயே இப்படிப் பிடிச்சிருந்தா உள்ளே எதையெல்லாம் மூடி வச்சிருக்கோ, யாருக்குத் தெரியும்? என் சட்டையிலிருந்து அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்துதான், காரணம் சொல்லாமல் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியா என்னைப் பார்த்துக்கிட்டே போனா மாமா. நான் சரியாக் கையைக்கூட ஆட்டல.

சோதனை செய்து பார்த்துவிடலாம் என்று சோதனைக்கூடத்துக்கும் போனேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர் நம்ம வாடிக்கையாளர். "அட, பூச்சுக்காரரா, வாங்க வாங்க, என்ன டெஸ்ட்டு?" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். ஒரு குழந்தை, அதன் அம்மா, தாத்தா ஒருத்தர் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை சரியாக இருக்கிறதாம்.

ஆகவே மாமா, இந்த வேலையை விடப்போகிறேன். உடம்பிலிருந்து இந்தப் பூச்சு போகும்வரை தங்கள் மகள் அங்கேயே இருக்கட்டும். காரணத்தை அவளிடம் சொல்ல வேண்டாம், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லவும். பயமாக இருக்கிறது மாமா. வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். தாங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருந்து, எங்களை மனசார வாழ்த்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,
தண்ணீர் ஒட்டாத தங்கள் மருமகன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை மறந்துவிடவும். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வராததால் அப்படியே அனுப்புகிறேன். வேலையை விடுகிறேன் என்று இன்று முதலாளியிடம் காரணத்தோடு சொன்னேன். அவர் அறைக்கதவைச் சாத்திவிட்டு, "எந்த நானோடா? டப்பா மேல இருக்கிற ஸ்டிக்கர்தான் நானோ. உள்ள இருக்கிறது சாதா மெழுகு. மெழுகுலயும் தண்ணி உருண்டுதான் ஓடும். வெளிய சொல்லிடாதே" என்றார். தங்கள் காருக்கு அடித்ததும் அதுதான், தெருவில் இனிமேல் யாரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம்.

சிரித்துக்கொண்டேதான் பட்டறையை விட்டு வந்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. நானோ இல்லை என்றால் குழந்தை ஏன் வரவில்லை? பழி போட இப்போது ஒரு துகள்கூடக் கையில் இல்லை. தெருவிலேயே நின்று தங்கள் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கையில் தண்ணீர் ஓடியதைச் சொன்னதும், "குளிச்சுக் குளிச்சுத் தோல் வெடிச்சுக் கிடந்துச்சு. நீங்க தூங்கினப்புறம் நான்தான் வெடிப்புக்குப் போடுற எண்ணெய்க் களிம்பைத் தடவினேன்" என்றாள். அப்புறம், "என்னாலதான் குழந்தை இல்லைன்னு அனுப்பிட்டீங்கன்னு நினைச்சு இங்க அழுதுட்டு இருந்தேன். நாளைக்கு வரேன், ரெண்டு பேருமா போய்ப் பார்ப்போம். அப்பாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிக்கங்க" என்றாள். இந்தக் கடிதம் கிடைக்கும்போது அவள் இங்கே வந்திருப்பாள். பயம் இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது மாமா. ஆனால் இந்தத் தடவை சோதனைக்கூடத்தில் சர்க்கரை என்று சொல்ல முடியாது, அவள் பக்கத்தில் நிற்பாள்.