கேமராவுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

டி. கல்லுப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள தம்பி பாண்டியராஜனுக்கு, அக்கா முத்துமீனா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். புனேயில் நீயும் அஸ்வினியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். அதனால்தான் கடிதம். இதை மீட்டிங்கில் வைத்துக்கூடப் படிக்கலாம்.

இன்று காலை எழுந்ததும், பல் விளக்குவதற்கும் முன்னால், ஸ்டூலில் ஏறி வாசலில் இருக்கும் உன் கேமராவைக் கழற்றிச் சார்ஜில் போட்டேன். இந்த வயதில் அப்பாவை ஸ்டூலில் ஏறவிட முடியாது. இந்த ஒரு வேலைக்காகத்தான் சனிக்கிழமைதோறும் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கிளம்பி, திருமங்கலத்தில் பஸ் மாறி, அப்பா வீட்டுக்கு வந்து தங்குகிறேன். "மாடு வச்சிருக்கவங்கதான் இப்பிடித் தண்ணி காட்ட ஓடுவாங்க" என்கிறார் உன் மாமா.

பக்கத்துத் தெருவில் ஒரு பித்தளை அண்டா திருடு போனதைக் கேட்டதும் நீ கேமரா வாங்கப்போவதாகச் சொன்னாய். ஒயர் வைத்ததாக வாங்கு, பிளக்கில் சொருகிவிட்டு மறந்துவிடலாம் என்று நான் சொன்னேன். நீ, "ஒயரெல்லாம் பழசுக்கா, இது பேட்டரி, ஒரு தடவை சார்ஜ் போட்டா ஆறு மாசம்" என்றாய். பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த ஆறு மாத சார்ஜ் அடுத்த வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டது. கம்பெனிக்காரனைக் குறை சொல்லமாட்டேன். ஆள் நடமாட்டம் இல்லாதபோது கேமரா தூங்குமாம், யாராவது எதிரே வந்தால் விழித்துப் படம் பிடிக்குமாம், விழித்திருக்கும் நேரத்துக்குத்தான் பேட்டரி செலவாம். பூட்டிய கதவுகளைத் தவிர வேறு எதுவும் இல்லாத உன் அபார்ட்மெண்ட் வராந்தாவில் அது நிம்மதியாகத் தூங்கும். நம் வாசலில் அதைத் தூங்கவிட ஆளில்லை.

மாட்டிய அன்று, "இதுல பாண்டி நம்மளப் பாப்பான்ப்பா" என்று அப்பாவிடம் சொன்னது நான்தான். அன்றிலிருந்து அவர் சட்டை போடாமல் வாசலுக்கு வருவதில்லை. காலையில் பேப்பர் எடுக்க வந்தால் அண்ணாந்து பார்த்து, "எந்திரிச்சிட்டியாப்பா, இங்கிட்டு இன்னும் மழையக் காணோம்" என்கிறார். தலைப்புச் செய்தியையும் வாசித்துக் காட்டுகிறார். எதிர்வீட்டு மாயக்காள் அக்கா இட்லி மாவு கொண்டுவந்தால், உன்னிடம் "சாப்ட்டியாப்பா" என்று கேட்காமல் திரும்புவதில்லை. ஏன்க்கா என்று கேட்டதற்கு, "பாத்துக்கிட்டே இருக்கவன்ட்டப் பேசாமப் போனா, எம்புட்டுத் தலக்கனம் இவளுக்குன்னு நெனைக்க மாட்டானா?" என்றார். தெருக்கோடி மொக்கைச்சாமி மாமா தன் மகனுக்குப் புனேயில் வேலை கேட்டு, அவன் சர்டிபிகேட்டுகளை ஒவ்வொரு பக்கமாக உனக்கு எதிரே பிடித்துக் காட்டினார். அப்பா பக்கத்தில் நின்று, "ஒவ்வொருத்தரா வாங்க, முண்டாதீங்க" என்று ரிட்டயர்டு ஆன கண்டக்டர் வேலையைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாயக்காள் அக்கா மகள் கல்யாணம் இதற்கெல்லாம் மேலே. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, ஸ்டூலில் தாம்பூலத் தட்டை வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்துக் கேமராவை முறைப்படி அழைத்தார்கள். "குடும்பத்தோட ரெண்டு நாளு முன்னாடியே வந்துரணும் பாண்டி." அப்போது பார்த்து அதில் சிவப்பு விளக்கு மினுக்கியது. "லைட்டடிச்சிட்டான், வாரேங்கிறான்" என்று அப்பா உன் சார்பில் தட்டை வாங்கிக்கொண்டார். அது பேட்டரி தீரப்போகிறது என்று சொல்லும் விளக்கு. நீ வரவில்லை. சரி சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டாய் என்று மாயக்காள் அக்காவுக்கு இன்றுவரை வருத்தம். சாப்பிட்டாயா என்று இப்போதும் கேட்கிறார், ஆனால் குரலில் பழைய ஒட்டுதல் இல்லை.

பிறகு நீ சோலார் தகடு அனுப்பினாய். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டியதும் ஒரு மாதம் நன்றாக ஓடியது. ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் பஸ்ஸுக்குச் சந்தனம் அப்பிய கை சும்மா இருக்குமா? தகடு முழுக்க அழுத்தமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு முழம் செவ்வந்தி. வெயில் எங்கே போய் விழும்? கேமரா அணைந்தது. நான் சத்தம் போட்டதும், அப்பா தகட்டைக் கழற்றி, தேங்காய் நாரில் சாம்பல் தொட்டுக் குத்துவிளக்கு மாதிரி தேய்த்துவிட்டார். தகடு பளபளவென்று ஆகி, அதோடு வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது.

அன்றைக்குத்தான் நீ போனில், "இன்னொரு தடவை இது ஆஃப் ஆச்சு, நானே நேர்ல வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போயிருவேன், வீட்ட வாடகைக்கு விட்ருவோம்" என்றாய். விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, அப்பா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நான் சார்ஜ் போட வராமல் போய்விடுவேனோ என்ற பயத்தில், சனிக்கிழமையானால் பஸ் ஸ்டாண்டிலேயே வந்து நிற்கிறார். உன் பதினான்காவது மாடியில் அவர் யாரிடம் பேசுவார், லிஃப்டிடமா?

பேச்சைக் குறைக்கச் சொல்லியும் பார்த்தேன். "அவன் எந்நேரமும் பாத்துக்கிட்டா இருப்பான்ப்பா?"

"பாக்காட்டி எதுக்கு வச்சான்?"

ஆகவே தம்பி, தயவுசெய்து ஒயர் வைத்த கேமரா ஒன்று அனுப்பு. பிளக்கில் சொருகிவிடுகிறேன், ஊரே நின்று பேசினாலும் அணையாது. அப்பா அவர் வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தங்கள், அஸ்வினிக்கு என் அன்பு. எல்லோரும் நோய் நொடியின்றி, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருங்கள்.

உன் அக்கா,
முத்துமீனா.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்கிறது என்று பார்க்க என் போனில் கேமராவின் ஆப்பைத் திறந்தேன். உன் கணக்குத்தான், பாஸ்வேர்டு நீ கொடுத்தது. முதல் முறையாகப் பழைய வீடியோக்களின் பட்டியலுக்குள் போனேன். இன்னும் பார்க்காத வீடியோவுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி இருக்கும். நான் ஒன்றைத் திறந்ததும் அதன் புள்ளி மறைந்தது. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. சர்டிபிகேட்டில் இருக்கிறது, தாம்பூலத் தட்டில் இருக்கிறது, அப்பா பேப்பர் வாசித்த ஒவ்வொரு காலையிலும் இருக்கிறது. கேமரா அணைந்தால் உனக்கு ஒரு மெசேஜ் வருமே, அதை மட்டும் நீ தவறாமல் பார்க்கிறாய்.

எனவே மேலே கேட்ட ஒயர் கேமரா வேண்டாம். பாதி ஏறுவதற்குள் பிளக்கைப் பிடுங்கி, கேமராவைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். அப்பா இந்த நிமிஷம் அதனிடம் தக்காளி விலை சொல்லிக்கொண்டிருக்கிறார். புதன்கிழமைக்குள் அணைந்துவிடும், இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கும் முன்னால். சார்ஜர் என் பையில் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை நான் வரப்போவதில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை, உன் மாமாவுக்கும் தெரியாது. அணைந்தால் நேரில் வருவேன் என்றாயே, வா. அப்பாவை அழைத்துப்போவதைப் பற்றி, வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் உன்னிடம் பேசி முடித்த பிறகு பேசிக்கொள்வோம்.