காஸ் அடிக்க வந்த எமில்ராஜ்

மருதனார்மடத்துப் பஞ்சலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. வீட்டுப் பிறிஜுக்குக் காஸ் அடிக்கக் குருநகரிலிருந்து வரும் எமில்ராஜுக்குப் பால்தேத்தண்ணி. பிறிஜின் சொந்தக்காரனுக்குப் பாலில்லாத பிளேன்ரீ. கேட்டால், பிறிஜ் பழுது, மிச்சப் பால் திரைந்துபோச்சு என்பாள் மனைவி குணலட்சுமி.

அந்தப் பிறிஜ் அவள் கொண்டுவந்த சீதனம். பஞ்சலிங்கமே வாய்விட்டுக் கேட்டு வாங்கியது. புதுசு வாங்குவோம் என்று அவள் கேட்கும்போதெல்லாம், மாமனார் தந்ததை எறிவதா என்று உருகித் தப்பிவிடுவார். அடுப்புப் புகை படிந்து வெடிப்பு விழுந்த குசினிச் சுவரைப் பூச மேசனைக் கூப்பிடவும் அவருக்கு மனம் வராது. இப்போது மாதம் தவறாமல் காஸ் ஒழுகியது. எமில்ராஜும் மாதம் தவறாமல் வந்தான்.

வந்தவன் காஸை அடித்துவிட்டுப் போகலாம்தானே? கதிரையில் சாய்ந்து கதைப்பான். குணலட்சுமி கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். அவன் போனபிறகும் அதே புராணம். தம்பிக்கு எவ்வளவு அறிவு, தம்பி எவ்வளவு வடிவாய் விளங்கப்படுத்துது. தம்பியாம்! கலியாணம் கட்டிய நாளிலிருந்து பஞ்சலிங்கம் கதைத்த ஒரு வசனத்தையாவது அவள் இப்படிக் கேட்டதுண்டா?

பொறுத்தது போதும் என்று போனும் கையுமாகக் கிடந்து, உலகத்துக் காஸ்களையெல்லாம் கரைத்துக் குடித்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு இருத்தினார்.

"இஞ்சை பார் குணம். அந்தக் காலத்துப் பிறிஜிலை பன்னிரண்டாம் நம்பர் காஸ். அது ஓசோனைத் திண்டது. பிறகு வந்தது நூற்றி முப்பத்தினாலு. எங்கடை பிறிஜிலை இருக்கிறது அதுதான். ஓசோனைத் தொடாது. ஆனால் ஒழுகினால் நாங்கள் மூச்சிலை விடுற காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கு மேலை பூமியைச் சூடாக்கும். உன்ரை எமில்ராஜ் ஓட்டையை அடைக்காமல் அடிக்கிற காஸ் முழுக்க ஆகாயத்துக்குத்தான் போகுது."

குணலட்சுமி மெல்லக் கன்னத்தில் கைவைத்தாள். பஞ்சலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்தது.

"அப்ப என்ன செய்யிறது?"

"புதுப் பிறிஜுகளிலை அறுநூறாம் நம்பர் காஸ். தீப்பிடிக்கும்தான், அதாலை கொஞ்சமாய்த்தான் விடுவினம். ஓசோனுக்கும் கேடில்லை, பூமிக்குச் சூடும் சொற்பம். நாளைக்கே வாங்குவம்."

"அப்பா தந்ததை எறியிறதோ?"

"பூமியை விட உன்ரை அப்பா பெரிசோ?"

அவளை மசிய வைப்பதற்குள் அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

புதுப் பிறிஜ் வந்தது. இனி எமில்ராஜுக்கு இந்த வாசலில் வேலையில்லை. பஞ்சலிங்கம் கால்மேல் கால் போட்டுப் பால்தேத்தண்ணி கேட்டார். வந்தது. முதல் மிடறு இறங்கமுதல் குணலட்சுமி குசினிப் பக்கம் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, சுவரைப் பார்க்க மேசன் கிறிஸ்துநாயகத்தை வரச்சொல்லியிருக்கிறன். அவர் எமில்ராஜை விட நல்லாக் கதைப்பாராம்."

பஞ்சலிங்கம் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, போனில் சீமெந்து வகைகளைத் தேடத் தொடங்கினார்.