இரண்டு மணி ஃபெர்ரி

வாய் கிழியப் பேசும் வக்கீலுக்குத் தான் பேசுவது தன் காதில் விழ வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இதை என் முதல் ஜாமீன் மனுவிலேயே நிரூபித்தேன். (சாட்சிகள் பெரும்பாலும் என் சொந்தக்காரர்கள். அதுதான் வினை.)

எங்கள் தீவில் அக்கரைப் பாம்பூஃப்ளாட்டிலிருந்து இக்கரைச் சாத்தாம் வரும் இரண்டு மணி ஃபெர்ரி பன்னிரண்டு நாளாக ஓடவில்லை. மனு கொடுத்து அலுத்துப்போன ஜனங்கள் கோரிக்கை அட்டை பிடித்துக்கொண்டு படகுத்துறை ஜெட்டியில் உட்கார்ந்தார்கள். ஃபெர்ரி வரவில்லை, போலீஸ் வந்தது. முன்வரிசையில் இருந்த செல்வம் அண்ணன், என் சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர். ஃபெர்ரியை மறித்தார், ஊழியரை அடிக்கப் பாய்ந்தார் என்று எழுதி அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் கோர்ட் வராந்தாவில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தங்கச்சி, நாளைக்குக் காலைல எம் பொண்ணு பாப்பா நர்சிங் படிக்கப் போகுது. ஹேடோ ஹார்பர்ல கப்பல் கெளம்புறப்ப நான் நிக்கணும். அது என்னையத்தான் தேடும்."

"நீங்க நிப்பீங்கண்ணே" என்றேன். கறுப்புக் கோட்டு போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, திமிருக்குக் குறைச்சல் இல்லை.

மதியம் வழக்கு வந்தது. விட்டு விளாசினேன். "கோரிக்கையைச் சொல்லி அமைதியாக உட்காருவது ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள உரிமை, யுவர் ஆனர். அடிக்கப் பாய்ந்தாராம், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஃபெர்ரியை மறித்தாராம், வராத ஃபெர்ரியை எப்படி மறிப்பது? இரண்டு மணிக்கு அந்த ஜெட்டியில் போய் நின்று பாருங்கள். கடல்தான் இருக்கும்!"

ஜாமீன் கிடைத்தது. நிலப் பத்திரத்தோடு உள்ளூர்க்காரர் ஒருவர் ஐந்து மணிக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

"ஜாமீன்தாரர் எங்கே?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"என் சித்தப்பா. பாம்பூஃப்ளாட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்."

"எதில்?"

காலையில் போனில் நான் சொன்னது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. "இரண்டு மணி ஃபெர்ரியில், யுவர் ஆனர்."

கோர்ட்டே சிரித்தது. செல்வம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய்ச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அரே, நீதானம்மா ரெண்டு மணி ஃபெர்ரின்னு சொன்ன? நீ கேஸ ஜெயிச்சு ஃபெர்ரிய உட வச்சுட்டன்னு நெனச்சேன். இங்க குச் பி நஹி, ஜெட்டி காலி!"

பஸ்ஸில் சுற்றி வந்தால் கோர்ட் மூடிவிடும். "எதையாவது பிடிச்சு வாங்க சித்தப்பா" என்று கெஞ்சினேன்.

நாலே முக்காலுக்கு வந்தார், தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட. மீன்பிடி டிங்கிப் படகில் கடந்திருக்கிறார். கையில் பிரஷர் குக்கர்.

"பத்திரம் நனஞ்சுடக் கூடாதுல்ல? சித்தி ஐடியா" என்று மேஜைமேல் வைத்து மூடியைத் திருகினார். உள்ளே பத்திரம் காய்ந்த அப்பளமாக இருந்தது, கொஞ்சம் சாம்பார் வாசனையோடு.

மாஜிஸ்ட்ரேட் புரட்டிப் பார்த்தார். "இரண்டு மணி ஃபெர்ரி ஓடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நீங்கள் கொண்டுவந்திருக்க முடியாது" என்றபடி கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை ஹேடோவில் செல்வம் அண்ணன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கப்பலிலிருந்து பாப்பா துப்பட்டாவையே கழற்றி ஆட்டினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு வழக்கும் தள்ளுபடியானது. அதே ஜெட்டியில் ஜனங்கள் விடாமல் உட்கார்ந்ததில் இரண்டு மணி ஃபெர்ரியும் திரும்ப ஓடுகிறது, ஒழுங்காகவே.

எங்கள் வீட்டில்தான் அது இன்னும் ஓடவில்லை. போன மாதம் என் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது சித்தப்பா முகூர்த்த நேரத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சித்தியைக் கூப்பிட்டார்.

"நேரம் வக்கீலம்மா குடுத்தது. எதுக்கும் குக்கர எடுத்து வையி."